இலங்கையில் நான் கண்ட வரிசைகள்

(காட்டுப்பள்ளியில் துறைமுக ஒப்பந்தத் தொழிலாளர்களும் மீனவக் குடும்பத்தாரும் கூடியிருந்த கூட்டத்தில் நான் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"இலங்கை நெருக்கடியில் தவித்த சமயத்தில் நீ அங்கே போயிருந்தாயே, கண்டதை வந்து சொல்" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் பத்தாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பொருளாதார நிபுணன் அல்ல. கண்டதைச் சொல்கிறேன். அதற்குக் காரணம் என்ன என்று அங்குள்ள தொழிலாளிகளிடம் கேட்டதையும், திரும்பி வந்து படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. 2022ம் வருஷம் மே 18ந் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், 24 டன் மருந்து. தமிழ்நாட்டு மக்கள் சார்பில் மாநில சர்க்கார் அனுப்பிய உதவி. நாலே நாளில், 22ந் தேதி, அது கொழும்பு போய்ச் சேர்ந்தது. அந்தச் சமயம் ராயபுரத்தில் ஒரு தோழர் என்னைக் கேட்டார்: "நாமே ரேஷன் கடை வாசலில் நிற்கிறோம். நம் அரிசியை ஏன் அங்கே அனுப்ப வேண்டும்?"

அது கெட்ட எண்ணத்தில் கேட்ட கேள்வியல்ல. வயிற்றிலிருந்து வந்த கேள்வி. அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று நான் பேசப்போவதெல்லாம் அதற்கு நான் கண்டுபிடித்த பதில்தான்.

நான் ஏன் போனேன்?

உல்லாசப் பயணமாக நான் போகவில்லை. முழுநேரக் கட்சி ஊழியனுக்கு அதற்கெல்லாம் ஏது பணம்? என் தகப்பனார் இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். நாடு சுதந்திரம் பெற்ற 1948லேயே, தோட்டத் தொழிலாளிகளில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையை இலங்கை ஆட்சியாளர்கள் சட்டம் போட்டுப் பறித்தார்கள். பிறகு 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இந்த ஜனங்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு தலைநகரங்களிலும் பங்கு பிரித்தார்கள். பங்கு போடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

என் பாட்டனார் இந்தியாவுக்கு மனுப் போட்டார். என் அத்தை, அதாவது அப்பாவின் அக்காள், கல்யாணமாகிப் போன குடும்பம் இலங்கைக்கு மனுப் போட்டிருந்தது. 1974ல் தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் வடசென்னையில் மூட்டை தூக்க வந்தார் என் தகப்பனார். அங்கே அவரை "இந்தியாக்காரன்" என்றார்கள். இங்கே "சிலோன்காரன்" என்றார்கள். அக்காளைத் திரும்பப் பார்க்காமலே 2020ல் அவர் கண்ணை மூடினார்.

2022 மே மாதக் கடைசியில் அத்தையின் பேரன் போன் செய்தான். "மாமா, அப்பாயிக்குப் பிரஷர் மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை. தம்பி மகனை ஒரு தடவை பார்க்கணும் என்று சொல்கிறது" என்றான். எங்கள் தெருவில் தாயகம் திரும்பிய குடும்பங்கள் சில இருக்கின்றன. அவர்கள்தான் கையிலிருந்ததைப் போட்டு எனக்கு டிக்கெட் எடுத்தார்கள். மாத்திரை, பால் பவுடர், குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம் என்று பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு, ஜூன் மாதம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினேன்.

கரையேறிக் கிடந்த படகுகள்

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நீர்கொழும்பு. அங்கே ஒரு மீனவத் தொழிலாளி வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். விடிந்ததும் கரைக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பெரிய காயல், நடுவே தென்னை. நம் பழவேற்காடு ஏரியையும் காட்டுப்பள்ளிக் கரையையும் பெயர்த்துக்கொண்டு போய் வைத்தது போல இருந்தது.

ஆனால் கடலில் படகு இல்லை. படகெல்லாம் மணலில் கிடந்தன. எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடையாது. மீன் அங்கே இருக்கிறது, மனிதன் இங்கே இருக்கிறான், நடுவே எண்ணெய் இல்லை. பிளாஸ்டிக் கேன்களைக் கயிற்றில் கோத்து வரிசையில் போட்டுவிட்டு, பெண்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் காஸ் சிலிண்டர் வரிசை. பெட்ரோலுக்கு நின்ற ஆட்டோ ரிக்ஷாக்களின் வரிசைக்கு முடிவே தெரியவில்லை. டிரைவர்கள் வண்டிக்குள்ளேயே தூங்கி, வண்டிக்குள்ளேயே சாப்பிட்டார்கள். இப்படி நிற்கும்போது முதியவர்கள் மயங்கி விழுந்து இறந்த செய்திகள் மார்ச் மாதமே வரத் தொடங்கியிருந்தன.

அந்த ஊர் ஏற்கெனவே அடிபட்ட ஊர். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, அங்குள்ள கட்டுவாப்பிட்டி மாதா கோயில் பூசையில் வெடித்த குண்டு நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. 2021ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் எரிந்து மூழ்கிற்று. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகளும் ரசாயனமும் கரையெல்லாம் ஒதுங்கி, வலை வீசக்கூடாது என்று தடை வந்தது. எண்ணூர்க் கடலில் 2017ல் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோதும் நாம் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நிலை விளங்கும்.

கட்டுநாயக்கவில் 1978ல் திறந்த சுதந்திர வர்த்தக வலயம் இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஆடை தைக்கும் வாலிபப் பெண்கள் அங்கே ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். சிலிண்டர் வரிசையில் நின்ற ஒரு சிங்களப் பெண் என்னோடு பேசினாள், வீட்டுக்காரர் மொழிபெயர்த்தார். "நாங்கள் தைக்கும் துணிக்கு டாலர் வருகிறது என்கிறார்கள். அந்த டாலர் எங்கே போகிறது? எனக்கு அடுப்பெரிக்க ஒரு சிலிண்டர் வாங்கக்கூட நாட்டில் டாலர் இல்லையாம்" என்றாள்.

தோழர்களே, இந்த ஒரு கேள்விதான் இலங்கை நெருக்கடியின் சாவி. மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருகிறேன்.

காலிமுகத்திடல்

மூன்றாம் நாள் கொழும்புக்குப் போனேன். கடலையொட்டிய காலிமுகத்திடலில், ஜனாதிபதியின் காரியாலயத்துக்கு எதிரிலேயே, ஏப்ரல் 9ந் தேதி முதல் ஜனங்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "கோட்டா கோ கம" என்று அதற்குப் பெயர். கோத்தபய ராஜபக்சேயைப் போகச் சொல்லும் கிராமம். மே 9ந் தேதி ஆளுங்கட்சிக்காரர்கள் தடியோடு வந்து கூடாரங்களைப் பிய்த்தெறிந்தார்கள். அன்றைக்கே பிரதமர் மகிந்த ராஜபக்சே ராஜினாமா செய்ய நேர்ந்தது. கூடாரங்களும் திரும்ப எழும்பின. நான் போனபோது சமையற்கூடம், வாசகசாலை, முதலுதவி இடம் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தன. மாணவர், பிக்கு, கன்னியாஸ்திரி, முஸ்லிம் வாலிபர், வக்கீல், தொழிற்சங்கத்தார் எல்லோரும் இருந்தார்கள்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஒரு தமிழ் வாலிபரிடம், "இனம் மறந்து ஒன்றாகிவிட்டார்களே!" என்றேன். அவர் சிரித்தார். "அண்ணை, பெட்ரோல் இல்லை, மின்சாரம் இல்லை, மருந்து இல்லை என்று இவர்கள் இப்போது மூன்று மாதமாகச் சொல்கிறார்கள். யுத்த காலத்தில் நாங்கள் வருஷக்கணக்காக அப்படித்தான் இருந்தோம். அப்போது இந்தத் திடலில் யாரும் கூடாரம் போடவில்லை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனால் அவரே தொடர்ந்து சொன்னார்: "மே 18ந் தேதி முள்ளிவாய்க்காலில் செத்தவர்களுக்கு இதே திடலில் விளக்கேற்றினார்கள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். சிங்களப் பிள்ளைகளும் வாங்கிக் குடித்தார்கள். அதனால்தான் நானும் வந்தேன்." பட்டினி தானாக ஒற்றுமையைக் கொண்டுவந்துவிடாது. அடுத்தவன் பட்ட துன்பத்தையும் கேட்க மனம் வரவேண்டும். அந்தத் திடலில் அதற்கு ஒரு ஆரம்பம் இருந்தது. அவ்வளவுதான் சொல்வேன், அதற்கு மேல் சொன்னால் மிகைப்படுத்துவதாகும்.

மலையகம்

கொழும்புக் கோட்டையிலிருந்து மலைநாட்டு ரயிலேறினேன். பஸ் ஓட டீசல் இல்லாததால் ஊரே ரயிலில் ஏறியிருந்தது. ஒற்றைக் காலில் நின்றபடிதான் பிரயாணம். நாவலப்பிட்டி தாண்டி வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு மலையேற ஆரம்பித்ததும், ஜன்னலில் தெரிந்த காட்சியை என்னவென்று சொல்வது! மலைக்கு மலை பச்சைக் கம்பளம். பள்ளத்தில் ஆறு, வளைவுக்கு வளைவு அருவி. மேகம் ரயில் பெட்டிக்குள்ளேயே வந்துபோகிறது. தூரத்தில் சிவனொளிபாதமலை. பௌத்தர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் தம்முடையது என்று ஏறிக் கும்பிடும் மலை அது.

நானும் செல்போனை எடுத்துப் படம் பிடித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், கொழுந்தெடுத்துக் காய்ப்பேறிய விரல்களோடு, "எதைய்யா படம் புடிக்கிறீங்க?" என்றார். "அழகாக இருக்கிறதே அம்மா" என்றேன். "அழகுதான். மழையில அட்டை கடிக்கிறது அதில விழுமா?" என்றார். நான் போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அத்தை இருப்பது வெள்ளைக்காரன் காலத்து லயம். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒரு காம்பரா. அதில் ஏழு பேர். எழுபது வயது அத்தை என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தம்பியைத் தேடினார். ரொம்ப நேரம் பேச்சு வரவில்லை, அவருக்கும் சரி, எனக்கும் சரி.

மாத்திரைகளைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, ஒரு அட்டையைத் தனியே எடுத்து அடுத்த வீட்டுக் கிழவிக்குக் கொடுத்தனுப்பினார். பால் பவுடரை அன்று சாயந்திரமே பிரித்துவிட்டார். "தம்பி மகன் வந்திருக்கு" என்று லயத்துக் குழந்தைகளையெல்லாம் கூப்பிட்டுப் பால் தேத்தண்ணி ஊற்றினார். அவருக்கு மட்டும் வெறும் சாயம். தேயிலை விளையும் நாட்டில் அந்தச் சமயம் பால் போட்ட தேநீர் பணக்காரப் பானமாகியிருந்தது. கடையில் ஒரு கோப்பை நூறு ரூபாய். "உங்களுக்கென்றுதானே கொண்டுவந்தேன்" என்று கோபித்துக்கொண்டேன். அத்தை சொன்னார்: "பத்துப் புள்ளைங்க பார்த்துக்கிட்டு நிக்கையில ஒருத்தி குடிச்சா தொண்டையில இறங்குமா, மருமகனே?"

மறுநாள் அத்தையின் மருமகள் கொழுந்தெடுக்கப் போகும்போது நானும் கூடப் போனேன். அங்கே கேட்ட கணக்கை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு முழுப் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம் விழவேண்டுமானால் 18 கிலோ, 20 கிலோ கொழுந்து கொடுக்க வேண்டும். குறைந்தால் அரைப் பேர்தான். 2021 ஏப்ரல் - மே மாதங்களில் ஜனாதிபதி ஒரே இரவில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார். இயற்கை விவசாயம் என்று சொன்னார்கள். டாலரை மிச்சம் பிடிப்பதும் அதிலே இருந்தது. நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலையும் விழுந்தது. நவம்பரில் தடையைத் திரும்ப வாங்கினார்கள். அதற்குள் உரத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. உரம் இல்லாத செடியில் கொழுந்து எங்கிருந்து வரும்? துரையின் கணக்கில் மட்டும் கிலோ குறையவில்லை. ஜனாதிபதி போட்ட தடைக்கு அபராதம் கட்டியவள் கூடை சுமந்த பெண்.

இன்னொரு கணக்கு. 2021 மார்ச்சில் நாட்கூலி 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவித்தார்கள். வருஷக்கணக்கில் போராடிப் பெற்றது. அப்போது ஒரு டாலர் 200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கூலி ஏறத்தாழ ஐந்து டாலர். 2022 ஜூனில் டாலர் 360 ரூபாய். அதே 1,000 ரூபாய் மூன்று டாலர்கூடப் பெறவில்லை. தேயிலை வெளிநாட்டுக்கு டாலரில் போகிறது. ரூபாய் விழ விழ ஏலத்தில் அதன் ரூபாய் விலை ஏறிற்று. கோதுமை மாவும் டாலரில் வருகிறது. அதன் விலையும் ஏறிற்று. நடுவில் ஏறாமல் நின்றது ஒன்றே ஒன்று, கூலி. தோட்டத்து ஜனங்களுக்கு மூன்று வேளையும் மாவு ரொட்டிதான். அது இரண்டு வேளையாயிற்று, பிறகு ஒரு வேளையாயிற்று.

டாலர் எங்கே போயிற்று?

இப்போது அந்தச் சிங்களச் சகோதரியின் கேள்விக்கு வருவோம்.

இலங்கைக்கு டாலர் சம்பாதித்துக் கொடுப்பவர்கள் யார்? தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண். ஆடை தைக்கும் சிங்களப் பெண். வளைகுடா நாட்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் மூன்று இனத்துப் பெண்களும். அப்புறம் உல்லாசப் பயணிகளை உபசரிக்கும் தொழிலாளிகள். 2018ல் 23 லட்சம் பயணிகள் வந்தார்கள். ஈஸ்டர் குண்டுவெடிப்பும் கொரோனாவும் சேர்ந்து 2021ல் அது 2 லட்சத்துக்கும் கீழே போயிற்று. உண்மைதான், அது பேரிடி. ஆனால் கொரோனா எல்லா நாட்டுக்கும் வந்தது. எல்லா நாடும் ஏன் திவாலாகவில்லை?

செலவைப் பாருங்கள். 2007ல் முதன் முதலாக 50 கோடி டாலருக்கு சர்வதேசக் கடன் பத்திரம் விற்றார்கள். வட்டி அதிகம், தவணையில் தாட்சண்யம் இல்லை. ருசி கண்ட பூனை போல, அதற்குப் பிறகு வந்த ஆட்சிகள் எல்லாம் பத்திரம் விற்றன. பழைய கடனை அடைக்கப் புதுக் கடன். நெருக்கடி வெடித்தபோது இந்தப் பத்திரக் கடன் மட்டும் 1,200 கோடி டாலருக்கு மேல். நாட்டின் மொத்த வெளிக்கடன் சுமார் 5,100 கோடி டாலர். சீனாவிடம் வாங்கியதைப் பற்றியே இங்குள்ள பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017ல் சீனக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டதும் உண்மைதான். ஆனால் பத்திரம் வாங்கிய மேல்நாட்டு நிதி முதலைகளைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்?

வரவையாவது பெருக்கினார்களா? 2019 டிசம்பரில் பதவிக்கு வந்த கையோடு கோத்தபய சர்க்கார் வரிகளை வெட்டியது. 15 சதவிகித மதிப்புக் கூட்டு வரியை 8 ஆக்கினார்கள்; கம்பெனிகளுக்கும் உயர்ந்த வருமானக்காரர்களுக்கும் சலுகை கொடுத்தார்கள். பணம் படைத்தவர்களுக்குக் கொண்டாட்டம், கஜானாவுக்குத் திண்டாட்டம். 2019 முடிவில் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்து கரைந்து, 2022 மே மாதம் உடனே எடுத்துச் செலவழிக்க 5 கோடி டாலர்கூட இல்லை என்று நிதியமைச்சரே சொல்லும் நிலை வந்தது.

இதிலே மிகக் கொடிய சம்பவம் ஒன்று. 2022 ஜனவரி 18ந் தேதி. நாட்டில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் பால் பவுடருக்கும் டாலர் இல்லை. அன்றைக்குப் பத்திரக்காரர்களுக்கு 50 கோடி டாலரைத் தவணை தவறாமல் எண்ணி வைத்தார்கள்! மூன்றே மாதம் கழித்து, ஏப்ரல் 12ந் தேதி, இனி வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தார்கள். சுதந்திரம் பெற்ற பிறகு முதல் தடவை. முதலில் கடன்காரனுக்கு, மிஞ்சினால் நோயாளிக்கு. இதுதான் அந்த ஆட்சியின் தர்மம். சகோதரியின் டாலர் அங்கேதான் போயிற்று.

ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்களா?

இலங்கை மக்கள் சாதுவானவர்கள் என்று நினைப்பவர்களுக்குப் பழைய சரித்திரம் ஒன்று சொல்ல வேண்டும். 1953ல் அரிசி மானியத்தை வெட்டி, ஒரு கொத்து 25 சதத்துக்கு விற்ற அரிசியை 70 சதமாக்கினார்கள். ஆகஸ்டு 12ந் தேதி லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்டுக் கட்சியும் இன்னும் பல இடதுசாரிகளும் அழைத்த ஹர்த்தாலில் நாடே நின்றது. துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டார்கள். மந்திரிசபை கரையில் கூடப் பயந்து, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் யுத்தக் கப்பலில் போய்க் கூடிற்று. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா ராஜினாமா செய்தார்.

அதே கொழும்பில் 2022 ஜூலை 9ந் தேதி, பஸ் இல்லாமல் பெட்ரோல் இல்லாமல், ரயிலில் தொற்றியும் நடந்தும் வந்த ஜனசமுத்திரம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. 13ந் தேதி அவர் ராணுவ விமானத்தில் மாலத்தீவுக்கு ஓடினார். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து ராஜினாமா அனுப்பினார். நான் அப்போது திரும்பி வந்துவிட்டேன். பேரன் போனில் ரயில் சத்தத்துக்கு மேல் கத்தினான்: "மாமா, ஹட்டன்லேர்ந்தும் போனாங்க!"

ஆனால் தோழர்களே, ஆளை விரட்டினால் கடன் ஓடிவிடுமா? 2022 செப்டம்பரில் விலைவாசி ஒரு வருஷத்துக்கு முன்பிருந்ததைவிட ஏறக்குறைய 70 சதவிகிதம் ஏறியிருந்தது. உணவுப் பொருள் 95 சதவிகிதம் ஏறியிருந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நிதியம் சுமார் 290 கோடி டாலர் கடனை அங்கீகரித்தது. இலங்கை அந்த வாசலுக்குப் போனது அது பதினேழாவது தடவை. கூடவே நிபந்தனைகளும் வந்தன. மின்சாரக் கட்டணம் ஏறிற்று. 8 ஆக வெட்டப்பட்ட வரி 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. பணக்காரனுக்குக் கொடுத்த சலுகையை ஏழை வாங்கும் சோப்பில்கூட வசூலித்தார்கள்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். 2023 ஜூலையில் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தார்கள். வங்கிகள் கையிலிருந்த பத்திரங்களைத் தொடவில்லை. தொழிலாளிகளின் சேமலாப நிதி, நாம் பி.எப். என்கிறோமே அதுதான், அதன் பத்திரங்களைக் குறைந்த வட்டிப் பத்திரங்களாக மாற்ற வைத்தார்கள். 2025 வரை 12 சதவிகிதம், அப்புறம் 9 சதவிகிதம். கடன் வாங்கியவன் ஒருவன், தின்றவன் ஒருவன். தள்ளுபடி கொடுத்தவளோ கட்டுநாயக்கவில் தையல் மிஷினில் குனிந்திருந்தவள்!

2024ல் ஜனங்கள் பழைய கட்சிகளையெல்லாம் ஒதுக்கி அநுர குமார திசாநாயக்கவை ஜனாதிபதியாக்கினார்கள். நவம்பரில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225ல் 159 இடம் பெற்றது. மலையகத்திலும் யாழ்ப்பாணத்திலும்கூட வென்றது. பெரிய மாற்றம்தான். ஆனால் அந்தச் சர்க்காரும் நிதியத்தின் திட்டத்துக்குள்ளேதான் நடக்கவேண்டி வந்திருக்கிறது. கடன் கயிறு அத்தனை லேசில் அவிழாது.

தோழரின் கேள்விக்குப் பதில்

இப்போது ராயபுரம் தோழருக்கு வருகிறேன். நம் அரிசியை ஏன் அனுப்ப வேண்டும்?

இரத்த பந்தம் என்று ஒரு பதில் உண்டு. எனக்கு அது உண்டு. உங்களில் பலருக்கு இல்லை. அது போதாது. இரக்கம் என்று ஒரு பதில் உண்டு. இரக்கம் நல்லதுதான், ஆனால் இரக்கப்படுகிறவன் மேலே நிற்கிறான், வாங்குகிறவன் கீழே நிற்கிறான். நான்கூட அப்படித்தான் பெட்டி கட்டிக்கொண்டு போனேன். அத்தை பால் பவுடரைப் பங்கு போட்டபோது என் இரக்கம் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தது.

என் பதில் இது. கொழும்புத் துறைமுகத்தில் கிழக்குக் கொள்கலன் முனையம் என்று ஒன்று இருக்கிறது. அதை வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று அங்குள்ள தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து போராடின. 2021 பிப்ரவரியில் சர்க்கார் பின்வாங்கிற்று. ஆனால் அதே வருஷம் செப்டம்பரில் மேற்கு முனையத்துக்கு 35 வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். 51 பங்கு அதானி கம்பெனிக்கு, 34 பங்கு ஜான் கீல்ஸ் கம்பெனிக்கு, நாட்டின் துறைமுக அதிகார சபைக்கு 15 பங்கு. 2025 ஏப்ரலில் அது வேலை தொடங்கிவிட்டது.

இதோ நம் முதுகுக்குப் பின்னால் விளக்கெரிகிறதே இந்தக் காட்டுப்பள்ளித் துறைமுகம், இது 2018ல் யார் கைக்குப் போயிற்று? அதே அதானி கம்பெனி. கடலின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் பெட்டி இறக்குகிறவன் ஒரே முதலாளிக்கு இறக்குகிறான். மூலதனத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டியதில்லை. அது சிங்களமா தமிழா என்று பார்ப்பதில்லை. நாம் மட்டும் "அவன் வேறு நாட்டான், அவன் பாடு அவனுக்கு" என்று இருந்தால் யாருக்கு லாபம்? அங்கே கூலி குறைந்தால் நாளை இங்கே அதைக் காட்டிக் குறைப்பான். அங்கே பி.எப்.பில் கை வைத்தது செல்லுபடியானால், இன்னொரு நாட்டில் இன்னொருவன் துணிவான். அவர்கள் அங்கே வாங்குகிற அடியும் பெறுகிற வெற்றியும் நம்முடையதும்தான்.

ஆகவே அந்த அரிசி தருமமல்ல, தோழர்களே. ஒரு லயத்து வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாத்திரை அட்டை. நமக்கு மிஞ்சியதால் கொடுக்கவில்லை. நமக்கும் இல்லாதபோதே கொடுத்தோம். அதனால்தான் அதற்கு மதிப்பு. அந்த அரிசி அடுத்த மாதம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததாகப் பேரன் சொன்னான். அத்தை ஒரு பிடியை எடுத்து முகர்ந்து பார்த்து, "தம்பி ஊரு அரிசி" என்றாராம்.

அத்தை 2023ல் காலமாகிவிட்டார். அந்த மலை இப்போதும் அழகாகத்தான் இருக்கும். பயணிகள் திரும்பவும் வருகிறார்கள், ரயில் ஜன்னலில் நின்று படம் பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும், தவறில்லை. ஆனால் உங்களில் யாராவது நாளை அந்த நாட்டுக்குப் போனால், மலையைப் பார்த்த கண்ணால் கூடை சுமப்பவளையும் பாருங்கள். அவளுக்கு இன்றைக்கு முழுப் பேர் விழுந்ததா என்று கேளுங்கள். திரும்பி வந்து எங்களுக்கும் சொல்லுங்கள்.